எந்தத் தொகுதி?

ஆவணப்பிரியன் (கொழும்பு), காலை 8.40

அரசின் உயர்பதவிகளில் பெண்கள் என்ற இந்த இழையில், "இலங்கை மக்கள் 1960ஆம் ஆண்டிலேயே தங்கள் வாக்குகளால் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பிரதமராக்கிவிட்டார்கள், அமெரிக்கா இன்றுவரை ஒரு பெண்ணைக்கூட அதிபராக்கவில்லை" என்று நிலவுமொழி அவர்கள் நேற்று எழுதியதைப் படித்தபின் எனக்கு உறக்கம் வரவில்லை. சிறிமாவோ பண்டாரநாயக்க 1960 ஜூலை 21 அன்று உலகின் முதல் பெண் பிரதமராகப் பதவியேற்றார் என்பது உண்மை. அதற்கு முந்தைய நாள் நடந்த பொதுத் தேர்தலில் அவர் எந்தத் தொகுதியிலும் வேட்பாளராக நிற்கவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. பதவியேற்ற பிறகுதான் மேலவையான செனட் சபைக்கு நியமிக்கப்பட்டார். பொதுமக்கள் வாக்களித்து அவர் நாடாளுமன்றத்துக்கு வந்தது 1965இல், அத்தனகல்லைத் தொகுதியிலிருந்து. என் கேள்வி ஒன்றுதான். 1960இல் அவரை மக்கள் தேர்ந்தெடுத்தது எந்தத் தொகுதியில்?

நிலவுமொழி (திருச்சி), காலை 9.25

உங்கள் உறக்கம் கெட்டதற்கு வருந்துகிறேன், ஐயா. பிரதமராக இருந்த கணவர் 1959இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அவருடைய பேச்சுகளை ஒலிநாடாவில் ஒலிக்கவிட்டு ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டவர் அந்த அம்மையார். எதிரணியினர் 'அழும் விதவை' என்று ஏளனம் செய்தார்கள். அவர் தலைமை தாங்கிய கட்சியோ 75 இடங்களை வென்றது. யார் பிரதமராவார் என்று தெரிந்துதான் மக்கள் வாக்களித்தார்கள். இராஜாஜி 1952இல் எந்தத் தொகுதியிலும் நிற்காமல், மேலவைக்கு நியமிக்கப்பட்டு, சென்னை மாநில முதல்வரானார். பிரிட்டனில் அலெக் டக்ளஸ்-ஹியூம் 1963இல் பிரதமராகி, பிரபுப் பட்டத்தைத் துறந்து, இரண்டு அவைகளிலும் உறுப்பினராக இல்லாமலேயே சில நாட்கள் பதவியில் இருந்தார். ஆண்கள் செய்தால் அரசியல் சாதுரியம், பெண் செய்தால் மட்டும் தொகுதியின் பெயர் வேண்டுமோ?

ஆவணப்பிரியன், காலை 9.50

இராஜாஜியை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாராவது எழுதட்டும், அங்கேயும் வந்து இதையே கேட்பேன். கட்சி வென்றது என்பது வேறு, ஆள் வென்றார் என்பது வேறு. இந்திரா காந்தியும் 1966இல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபடிதான் பிரதமரானார் என்பதை நீங்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கேட்டது தொகுதியின் பெயர். கிடைத்ததோ பிரிட்டன் வரைக்கும் ஒரு சுற்றுலா.

எண்ணாளன் (சிங்கப்பூர்), காலை 10.30

'முதல்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'எத்தனை' என்று கேட்போமா? ருவாண்டா 2003ஆம் ஆண்டு அரசமைப்பில் பெண்களுக்குக் குறைந்தது 30 விழுக்காட்டை உறுதிசெய்தது. 2008இல் 80 இடங்களில் 45, 2013இல் 51 என்று பெண்களே பெரும்பான்மையானார்கள். உலகின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாட்டில், 2020 நாடாளுமன்றத்தின் 225 பேரில் பெண்கள் 12 பேர்தான். 2024 தேர்தலுக்குப் பிறகும் அது பத்து விழுக்காட்டைத் தொடவில்லை.

ஆவணப்பிரியன், காலை 10.45

ருவாண்டாவின் அந்த 80இல் பெண்களுக்கென ஒதுக்கிய 24 இடங்களுக்குப் பொதுமக்கள் வாக்களிப்பதில்லை, தேர்வுக்குழுக்களே வாக்களிக்கின்றன என்பதை எண்ணாளன் வழக்கம்போல் விழுங்கிவிட்டார். சென்ற மாதம் இவர் நியூசிலாந்தைக் கொண்டாடியபோது, 1893இல் பெண்களுக்குக் கிடைத்தது வாக்குரிமை மட்டுமே, வேட்பாளராகும் உரிமை 1919இல்தான் வந்தது என்று நான் திருத்தினேன். அதற்கு இன்றுவரை ஒரு நன்றி வரவில்லை.

சொல்லாய்வு (மதுரை), காலை 11.05

விவாதத்தில் குறுக்கிட விருப்பமில்லை. ஆனால் ஸ்ரீமாவோ என்பதே சரி. சிறிமாவோ என்று எழுதுவது பெயரைச் சிறுமைப்படுத்துவதாகும்.

ஆவணப்பிரியன், காலை 11.10

இலங்கைத் தமிழில் சிறிமாவோ என்றுதான் எழுதுகிறோம். எங்கள் நாட்டுப் பிரதமரின் பெயரை எப்படி எழுதுவது என்று மதுரையிலிருந்து ஆணை வரத் தேவையில்லை.

அட்டன் கொழுந்து, நண்பகல் 12.20

காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த முதல் பெண் பிரதமர் 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழரான எங்களைக் கேட்காமலேயே 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். என் அம்மாயியும் அவருடைய தங்கையும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். தங்கை கப்பலேறியபோது அம்மாயி அவருக்குக் கொடுத்தனுப்பியது கொழுந்துக் கூடையின் பழைய கயிறு ஒன்றுதான், பெட்டியைக் கட்ட. எங்கள் மலையில் கொழுந்து பறிக்கும் கை பெண்ணுடையது, தராசைப் பிடிக்கும் கை ஆணுடையது. கொழும்பில் பெண் பிரதமராக இருந்த ஆண்டுகளிலும் அப்படித்தான் இருந்தது. மலையகத்துப் பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் போக 2024 வரை காத்திருந்தோம், அம்பிகா சாமுவேலும் கலைச்செல்வியும் வரும் வரைக்கும்.

ஆவணப்பிரியன், நண்பகல் 12.40

சகோதரியின் வேதனையை மதிக்கிறேன். அவர் குறிப்பிட்ட இருவரும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மக்களிடம் நேரடியாக வாக்குப் பெற்று வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். என் வாதமும் அதுவே.

அட்டன் கொழுந்து, நண்பகல் 12.45

என் அம்மாயி உங்கள் வாதத்துக்குச் சாட்சி சொல்ல வரவில்லை, ஐயா.

நிலவுமொழி, மாலை 3.15

ஒப்பந்தத்தின் கொடுமையை நான் மறைக்கவில்லை. பதவியில் பெண் இருப்பதும் அவர் நல்லவராக இருப்பதும் ஒன்றென்று எங்கும் எழுதவும் இல்லை. ஆவணப்பிரியன் ஐயாவுக்கு ஒரு கேள்வி. உங்கள் நாட்டின் ஹரிணி அமரசூரிய 2020இல் தேசியப் பட்டியல் வழியாக, அதாவது கட்சியின் நியமனத்தால், நாடாளுமன்றத்துக்குள் வந்தவர், 2024 செப்டம்பரில் அப்படியேதான் பிரதமரானார், நவம்பரில் கொழும்பு மாவட்டத்தில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளைப் பெற்றார். அந்த இரண்டு மாதமும் அவர் போலிப் பிரதமரா?

ஆவணப்பிரியன், மாலை 3.30

போலி என்ற சொல் உங்களுடையது. செப்டம்பரில் நியமனம், நவம்பரில் தேர்வு என்று நீங்களே அழகாகப் பிரித்துக் காட்டிவிட்டீர்கள். இதே நேர்மை 1960க்கு ஏன் இல்லை? உங்கள் மாநிலத்தில் 2016இல் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, தலைவியின் கணவரை நாற்காலியில் உட்கார வைத்திருப்பதைப் போலத்தான் இருக்கிறது உங்கள் 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற சொல்லும்.

நிலவுமொழி, மாலை 3.50

2019 இறுதியில் நடந்த தேர்தலில் வென்று ஐந்தாண்டுகள் ஊராட்சி மன்றத்தில் அமர்ந்தவள் நான். முதல் கூட்டத்தில் தீர்மானப் பதிவேட்டை நீட்டியபோது, "வீட்டுக்காரரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அவருக்குத்தான் விவரம் தெரியும்" என்று என்னிடமே சொன்னார்கள். அவரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, பதினொரு தீர்மானங்களையும் படித்துப் பார்த்து, இரண்டைத் திருப்பி அனுப்பிய பிறகே கையெழுத்திட்டேன். என் வார்டின் எண் வேண்டுமானால் சொல்கிறேன், ஐயா. அதையும் உங்கள் ஆவணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணாளன், மாலை 4.20

2024 நவம்பரில் பதவியேற்ற இலங்கை அமைச்சரவையில் பெண்கள் இருவர்தான், பிரதமரையும் சேர்த்து. இந்தியாவிலோ அரசு அதிகாரிகளில் மிக உயர்ந்ததான அமைச்சரவைச் செயலாளர் பதவிக்கு ஒரு பெண்கூட வந்ததில்லை. இதைப் பற்றி இங்கே யாரும் பேசப்போவதில்லையா?

ஆவணப்பிரியன், மாலை 4.25

பேசலாம், முதலில் இது முடியட்டும். நிலவுமொழி அவர்களே, அத்தனகல்லை 1965 என்பதை ஏற்கிறீர்களா, இல்லையா?

நிலவுமொழி, மாலை 4.40

1965ஐ நான் எப்போது மறுத்தேன்? 1960ஐத் திருத்தி எழுத மாட்டேன் என்கிறேன்.

சொல்லாய்வு, மாலை 4.45

அத்தனகல்ல என்பதே சரி என்று நினைக்கிறேன்.

ஆவணப்பிரியன், மாலை 4.46

மதுரைக்காரர் சற்று ஒதுங்கி நிற்கட்டும். வார்டு எண்ணை நான் கேட்கவில்லை, அம்மா. கேட்டது தொகுதி.