இணைய ஆய்விதழ் சந்தா: எங்கள் கல்லூரி எப்படி 4-ஆம் அடுக்குக்குப் போனது?

கேட்டவர்: நூலகர், தண்டையார்பேட்டை

வணக்கம். அரசு உதவி பெறும் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். வேதியியல் துறை கேட்டதால், வெளிநாட்டு அறிவியல் கழகம் ஒன்றின் 2 இணைய இதழ்களுக்கு முகவர் மூலம் விலைப்புள்ளி வாங்கினேன். ஆண்டு ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். கல்லூரிகளை 5 விலை அடுக்குகளாகப் பிரித்து எங்களை 4-இல் வைத்திருக்கிறார்கள், 1-தான் மலிவு. அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி வேறு.

கல்லூரியில் 3,100 மாணவர்கள், வேதியியலில் 190 பேர்தான். அச்சு இதழ் வாங்கிய நாளில் எங்களுக்கும் பெரிய பல்கலைக்கழகத்துக்கும் ஒரே விலைதான். இப்போது எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள்? வண்ணாரப்பேட்டைப் பக்கம் அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகப் படிக்க ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. துறைமுகத்தில் சுமை தூக்குபவர்கள், காசிமேட்டு மீனவர்கள் வீட்டிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை நூலகக் குழு கூடுகிறது.

பதில் 1: பெரம்பூர்

அந்தத் திட்டம் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும்தான் மேடம். 2025 முதல் 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். உதவி பெறும் கல்லூரிகளை இன்னும் சேர்க்கவில்லை. நியாயமே இல்லை.

பதில் 2: முன்னாள் சந்தா முகவர், திருவொற்றியூர்

மேடம், 15 வருடம் இந்த வேலை பார்த்தவன். அச்சுப் பிரதி என்றால் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும், ஒரே விலை சரியாக இருந்தது. இணையத்தில் வளாகத்தின் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்ணை) திறந்துவிட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கலாம். அதனால் அதிகம் பயன்படுத்தும் இடம் அதிகம் கொடுக்கட்டும், சின்னக் கல்லூரி குறைவாகக் கொடுக்கட்டும் என்று பல கழகங்கள் அடுக்கு முறைக்கு மாறின. பல கழகங்களுக்கு மாநாடு, உதவித்தொகை எல்லாம் இதழ் வருமானத்தில்தான் நடக்கிறது. அந்த வருமானமும் நிற்க வேண்டும், சின்ன நூலகமும் ஓடிப்போகக் கூடாது. யோசனை நல்லதுதான், தப்பு நடப்பது வகைப்படுத்தும்போது.

அமெரிக்கக் கல்லூரிகளுக்குக் கார்னகி வகைப்பாடு என்று ஒன்று உண்டு. முனைவர் பட்டம் தருகிறதா, எவ்வளவு ஆய்வு நடக்கிறது என்று அது பிரிக்கும். சில கழகங்கள் அதையே அடுக்காக எடுத்துக்கொள்கின்றன. நம் ஊருக்கு அது கிடையாது. விலைப்புள்ளி கேட்கும் படிவத்தில் எழுதிக் கொடுப்பதுதான் கணக்கு. உங்கள் படிவத்தில் ‘முனைவர் பட்டம் வழங்கும் நிறுவனம்’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா, பாருங்கள்.

நூலகர், தண்டையார்பேட்டை

இருக்கிறது சார்! எங்கள் பேராசிரியர்கள் 2 பேர் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நெறியாளர்கள். அதனால் முகவரே போட்டிருக்கிறார்.

முன்னாள் சந்தா முகவர், திருவொற்றியூர்

அதுதான் கோளாறு. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம், உங்கள் கல்லூரி இல்லை. முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் துறைவாரியாக மாணவர் எண்ணிக்கை இருக்கட்டும். முகவருக்கு அனுப்பும்போதே கழகத்தின் விற்பனைப் பிரிவுக்கும் நேரடியாக ஒரு நகல் போடுங்கள். அப்புறம் முக்கியமான ஒன்று: சந்தாவை நிறுத்தினால், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்கள் கையில் இருக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். அச்சு இதழ் அலமாரியில் இருக்கும். இணையத்தில் அப்படி உறுதி கிடையாது. பழைய தொகுதிகளுக்குத் தனி விலையும் சொல்வார்கள்.

பதில் 3: கல்லூரிக் கணக்கர், கொருக்குப்பேட்டை

அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிக்கு இணையக் கல்வி இதழ் வழங்கும் சேவைக்கு 2018 ஜனவரியிலேயே ஜிஎஸ்டி விலக்கு கொடுத்துவிட்டார்கள். 18% எந்த வகையில் போட்டார் என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பதில் 4: வேதியியல் ஆசிரியர், வியாசர்பாடி

கூட்டம் வரைக்கும் பிள்ளைகளைக் காக்க வைக்காதீர்கள். பெங்களூருவில் 1934-இல் ராமன் தொடங்கிய அறிவியல் கழகத்தின் ‘ஜர்னல் ஆஃப் கெமிக்கல் சயின்சஸ்’ அவர்கள் தளத்திலேயே இலவசம். பிரிட்டிஷ் வேதியியல் கழகத்தின் ‘ஆர்எஸ்சி அட்வான்சஸ்’ 2017 முதல் எல்லோருக்கும் திறந்த இதழ். முதுநிலைத் திட்டக்கட்டுரைக்கு நான் இவற்றில்தான் தேடச் சொல்கிறேன்.

நூலகர், தண்டையார்பேட்டை (வியாழன்)

எல்லோருக்கும் நன்றி. கடிதம் போன 2-ஆம் நாளே புது விலைப்புள்ளி வந்தது. 2-ஆம் அடுக்கு, ஜிஎஸ்டி வரி இல்லை. பழைய இதழ்கள் பற்றி மட்டும் இன்னும் பதில் இல்லை சார். அது எழுத்தில் வரும்வரை கையெழுத்து வேண்டாம் என்று நாளைக் குழுவில் சொல்லப்போகிறேன். வியாசர்பாடி சார் சொன்ன 2 இதழ்களின் முகவரியையும் வாசிப்பறைப் பலகையில் எழுதிவிட்டேன்.