போன் நகரத்து மருத்துவமனையும் திராட்சைத் தோட்டங்களும்: நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஒயின் விளையும் ஊர்களுக்குப் போய் வந்தவர்கள் அங்கே சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுதலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். நான் அரசு மருத்துவமனையில் முப்பத்தோர் ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் பிரான்ஸில் லியோன் நகரில் வேலை பார்க்கிறாள். போன வசந்த காலத்தில் அவள் என்னை ஒருநாள் பயணமாக போன் நகரத்துக்கு அழைத்துப் போனாள். எழுத்தில் தொலைபேசி போலத் தெரியும் இந்தப் பெயர், பர்கண்டிப் பகுதியில் டிஜோனிலிருந்து ரயிலில் இருபது நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு சிறிய ஊருடையது. சுற்றிலும் பழைய கோட்டை மதில், அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் திராட்சைக் கொடிகள்.

எனக்கு ஒயின் பழக்கம் இல்லை. அங்கே நான் என்ன செய்யப் போகிறேன் என்றுதான் ரயிலில் நினைத்துக்கொண்டிருந்தேன். ‘ஓத்தேல் தியூ’ என்னும் பழைய மருத்துவமனையின் வாசலில் நின்றபோதும் மனம் நிறையவில்லை. தெருப் பக்கம் உயரமான வெற்றுச் சுவரும் சாம்பல் நிறக் கற்பலகைக் கூரையும்தான். வாயிலைத் தாண்டி முற்றத்துக்குள் கால் வைத்ததும் பேச்சே வரவில்லை. சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை என மெருகேற்றிய ஓடுகள், பட்டுப் புடவையில் கட்டம் போட்டாற்போல் கூரை முழுக்க மின்னுகின்றன. இப்போதுள்ள ஓடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றப்பட்டவையாம். அழகை எல்லாம் தெருவுக்குக் காட்டாமல், உள்ளே படுத்திருக்கும் நோயாளிகளுக்கு வைத்த மனத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

1443-இல் இதை நிறுவியவர்கள் பர்கண்டி கோமகனின் தலைமை அமைச்சர் நிக்கோலா ரோலேனும் அவர் மனைவி கிகோன் தெ சலேனும். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போர் நாட்டைச் சூறையாடியிருந்த காலம். பசியும் கொள்ளைநோயும் ஊரை விட்டுப் போகவில்லை. முதல் நோயாளி 1452 ஜனவரி 1 அன்று சேர்க்கப்பட்டார். அன்று தொடங்கி 1971 வரை இது மருத்துவமனையாகவே இயங்கியிருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல்!

ஏழைகள் கூடம் ஏறக்குறைய ஐம்பது மீட்டர் நீளம். மேலே பார்த்தால் கப்பலைக் கவிழ்த்து வைத்தது போன்ற மரக்கூரை. இரு பக்கமும் சிவப்புத் திரையிட்ட கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் இரண்டு பேரைப் படுக்க வைத்தார்களாம். பக்கத்தில் நின்ற சுற்றுலாப் பயணி முகம் சுளித்தார். நான் சுளிக்கவில்லை. கட்டிலுக்கு இருவர், கீழே பாயில் ஒருவர் என்று எங்கள் வார்டில் எத்தனையோ இரவுப் பணி பார்த்திருக்கிறேன். கூடத்தின் கோடியில் சிற்றாலயம். எழுந்து நடக்க முடியாதவரும் படுத்தபடியே வழிபாட்டைக் கேட்கலாம். கட்டடத்துக்கு அடியில் பூஸெஸ் என்ற ஓடை போகிறது. கழிவெல்லாம் அதில் இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள். வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அங்கேதான் அந்தப் பாட்டியம்மாளைப் பார்த்தேன். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்பில் ஓர் ஓரம் மடங்கியிருந்தது. பழக்கத்தில் என் கை அதைச் சரிசெய்யப் போய், தடுப்புக் கயிற்றில் பட்டு நின்றுவிட்டது. அவர் அதைக் கவனித்துவிட்டார். “நீங்கள் செவிலியரா?” என்று கேட்டார். மகள்தான் மொழிபெயர்த்தாள். சிறுமியாக இருந்தபோது தன் தாயைப் பார்க்க இந்த மருத்துவமனைக்கு வருவாராம். வெள்ளைத் தலையணி அணிந்த கன்னியர் ஒருவர் தினமும் அவர் கையில் ஒரு ரொட்டித் துண்டு கொடுத்து உள்ளே விடுவாராம். “அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தார்” என்று சொல்லி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் விடவில்லை.

பிறகு அவரே எங்களை பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் ரோஜியர் வான் டெர் வெய்டன் வரைந்த, உலக முடிவில் கடவுள் மனிதருக்குத் தீர்ப்பு சொல்வதைக் காட்டும் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியம் இருக்கும் இருட்டறைக்கு அழைத்துப் போனார். முன்பு இது கூடத்துச் சிற்றாலயத்தில் இருந்தது. மடித்து மூடியிருக்கும் ஓவியப் பலகைகளை ஞாயிற்றுக்கிழமைகளிலும் விழா நாட்களிலும்தான் திறந்து நோயாளிகளுக்குக் காட்டுவார்களாம். இந்த ஓவியத்தில் பேய்களே இல்லை. பாவிகளை யாரும் இழுத்துப் போகவில்லை, அவர்களாகவே நரகத்தில் போய் விழுகிறார்கள். சாகக் கிடந்தவர்கள் கண்முன் இதை ஏன் வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

டிஜோன் மாணவன்

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். அந்த மருத்துவமனைக்கும் ஒயினுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 1457-இல் ஒரு பெண்மணி தன் திராட்சைத் தோட்டத்தை மருத்துவமனைக்குத் தானமாகக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பலரும் கொடுத்தார்கள். இன்று சுமார் 60 ஹெக்டேர் அதன் சொத்து. 1859 முதல் நவம்பர் மாதம் அந்த ஒயினை ஏலம் விடுகிறார்கள். இப்போது மூன்றாவது ஞாயிறு. விற்பது புட்டியை அல்ல, அந்த ஆண்டு பிழிந்த புது ஒயினைப் பீப்பாய் பீப்பாயாக. ஒரு பீப்பாய் 228 லிட்டர். வரும் பணம் இன்றைய மருத்துவமனைக்கும் போகிறது. நம் ஊர்க் கோயில்களுக்கு நிலம் எழுதி வைத்தார்களே, அதே வழக்கம்தான்.

நான் சென்ற ஆண்டு செப்டம்பரில் போனுக்குத் தெற்கே வொல்னே கிராமத்தில் அறுவடைக்குப் போனேன். பினோ நுவார் என்ற கருந்திராட்சைக் கொடிகள் இடுப்பு உயரம்தான். பழக்குலைகள் அதற்கும் கீழே, முழங்கால் அளவில் தொங்கும். குனிந்தால் வெட்ட முடியாது, மண்டியிட்டால் நகர முடியாது. இரண்டாம் நாள் மாலையில் படிக்கட்டு ஏற முடியவில்லை. குலை என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பழங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், நடுவில் ஒரு பழம் அழுகியிருந்தால் வெளியே தெரியாது. என்னோடு ஒரே வரிசையில் வெட்டிய பெரியவர் குலையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத்தான் வாளியில் போடுவார். புளித்த வாடை வந்தால் கத்தரி நுனியால் அந்தப் பழங்களை மட்டும் எடுத்துவிடுவார். மூன்றாம் நாள் நானும் முகரக் கற்றுக்கொண்டேன்.

மதிய உணவு வேளையில் அவர் ஒரு வண்டிப்பாதையைக் காட்டினார். “இதற்கு மேலே விளைவது ஒரு விலை, கீழே விளைவது வேறு விலை” என்றார். இரண்டு பக்கமும் அதே கொடி, அதே வெயில். சரிவின் நடுப்பகுதியில் சுண்ணாம்புக் கல் மண், தண்ணீர் தேங்காது; அடிவாரத்தில் களிமண் கனத்து ஈரம் நிற்கும். இப்படி எல்லையும் பெயரும் கொண்ட ஒவ்வொரு துண்டு நிலத்தையும் இங்கே ‘கிளிமா’ என்கிறார்கள். இந்தச் சரிவில் மட்டும் அப்படி 1,247 துண்டுகள். 2015-இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. துறவிகளும் உழவர்களும் பல நூறு ஆண்டுகள் நடந்து நடந்து கண்டுபிடித்த எல்லைகள் இவை. மேல், நடு, கீழ் என்று தன் வயலை வகை பிரித்துச் சொல்லும் என் தாத்தாவுக்கு இந்தப் பெரியவர் பேச்சு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்திருக்கும்.

கடைசி நாள் விருந்துக்கு ‘போலே’ என்று பெயர். முதலாளி, வேலையாட்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரியவர் எனக்கு ஒரு பழைய கத்தரியைக் கொடுத்தார். கைப்பிடியில் அவர் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது.

சைவச் சமையலறை

செவிலியர் அம்மாவுக்கு வணக்கம். நானும் ஒயின் குடிக்காதவள், சைவமும் கூட. ஒரு நவம்பரில் ஏல வார இறுதி என்று தெரியாமல் போய், தங்க இடம் கிடைக்காமல் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த மூன்று நாட்களுக்கு மட்டும் முன்கூட்டியே அறை பதிவு செய்யாமல் யாரும் போகாதீர்கள். அடுத்த முறை சனிக்கிழமை போனேன். மருத்துவமனைக்கு எதிரே சந்தை கூடியிருந்தது. பாலாடைக்கட்டி விற்ற அம்மா நான் எதை வாங்கினாலும் முதலில் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஊரில் கடுகு விழுது செய்யும் ஃபாலோ ஆலை. 1840-இல் தொடங்கியது, இன்றும் கல் எந்திரத்தில்தான் அரைக்கிறார்கள். வேகமாக அரைத்தால் சூடேறிக் காரம் போய்விடும் என்று அங்கிருந்த பெண் விளக்கினார். நாம் கடுகை எண்ணெயில் வெடிக்கவிட்டுக் காரத்தை அடக்குகிறோம், அவர்கள் சூடே படாமல் அதைக் காக்கிறார்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்தவுடன் மூக்கில் ஏறிக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் தண்ணீர் தரவில்லை, ரொட்டித் துண்டு கொடுத்தார். அதுதான் உடனே கேட்டது.

அம்மா, என் தாயாருக்கு முழங்கால் வலி. அவரை அழைத்துப் போகலாமா?

தொடங்கியவர்

தாராளமாக அழைத்துப் போங்கள். ஊர் சமதளம். தெருக்களில் பழைய கற்கள் பாவியிருப்பதால் மெத்தென்ற செருப்பு போட்டுவிடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

தம்பி, அந்தக் கத்தரியைத் துருப்பிடிக்க விடாதே. எண்ணெய் தடவி வை. உனக்கு ஒரு செய்தி: உடலியல் அறிஞர் எத்தியென்-ழூல் மாரே 1830-இல் போன் நகரத்தில்தான் பிறந்தார். மணிக்கட்டில் கட்டினால் நாடித்துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் கருவியை 1860 வாக்கில் செய்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கே இது தெரியும். தெரிந்திருந்தால் அந்தப் பாட்டியம்மாளிடம் சொல்லியிருப்பேன்.

உங்கள் தாயாருக்குக் கால் வலித்தால் முற்றத்தில் இரும்பு வேலைப்பாடு செய்த கிணறு ஒன்று இருக்கிறது, அதன் பக்கத்துத் தாழ்வாரத்தில் நிழல் உண்டு. அங்கே நின்றபடி கூரை முழுவதையும் பார்க்கலாம்.