தலை நிமிராத நேவிகேட்டர்: ரேலியும் சர்க்யூட் பந்தயமும் நேரில் பார்த்தவர்கள் எழுதியவை

குலசேகரத்தான்

சிக்மகளூர் காப்பித் தோட்டம் ஒன்றுக்குள் தேசிய ரேலியின் ஒரு ஸ்டேஜை, அதாவது மூடிய பாதையில் நேரம் கணக்கிடும் ஓட்டத்தை, பார்க்கப் போயிருந்தபோது கண்ட காட்சி இன்னும் என்னை விடவில்லை. போட்டி வண்டிகளுக்கு முன் பாதையைச் சோதிக்கும் முன்னோடி வண்டி கடந்து போயிருந்தது. பாதையைக் காக்கும் மார்ஷல்கள் விசில் ஊதி எங்கள் எல்லாரையும் மேட்டில் ஏற்றியிருந்தார்கள். முந்தைய இரவு மழையில் செம்மண் பாதை வழுக்கிக் கிடந்தது. வளைவுக்கு அப்பால் இரைச்சல் கேட்ட மறுகணமே வண்டி பக்கவாட்டில் சறுக்கியபடி எங்களுக்குக் கீழே வந்துவிட்டது. என் கண் ஏனோ பக்கத்து இருக்கையில் போய் நின்றது. ஓட்டுநருக்குப் பாதை சொல்லும் நேவிகேட்டர், வளைவுகளைக் குறித்து மடியில் விரித்த நோட்டின் மேல் தலையைக் கவிழ்த்து வாசித்துக்கொண்டிருந்தார். பின்சக்கரம் ஓரத்துச் செடிகளை உரசிக் கொண்டு போனபோதும் அவர் தலை நிமிரவில்லை. வண்டி இந்த வளைவில் இருக்கும்போதே அவருடைய வாய் அடுத்த வளைவைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு மீட்டர் தள்ளிப் பள்ளம் இருக்கையில் ஒரு மனிதர் அதை ஏறிட்டும் பாராமல் இருப்பதைக் கண்ணால் காண்பது வேறு.

ஆகவேதான், ஒரே தடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும் சர்க்யூட் பந்தயத்தைவிட ரேலியை நான் மேலே வைக்கிறேன். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட்டில் 3.717 கிலோமீட்டர் தடம், 12 திருப்பங்கள். பத்தாவது சுற்றில் ஓட்டுநருக்குப் புதிதாக அங்கே என்ன இருக்கிறது? ரேலியில் மழை, புழுதி, முன்னால் போன வண்டி பெயர்த்துப் போட்ட கல் என எல்லாமே எதிராளிகள். சர்க்யூட்டைப் பெரிதாக நினைப்பவர்கள் ஒருமுறையாவது மண் பாதையோரம் நின்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

வடசேரிக்காரன்

குலசேகரம் அண்ணனின் கேள்விக்கு நான் கண்ட ஒரு பந்தயத்தைக் கொண்டே பதில் சொல்கிறேன். கோவை செட்டிபாளையத்திலுள்ள ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்னும் பந்தயத் தடம். 2003இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் மட்டுமே நீளமுள்ள சிறிய தடம். நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலில் போய், வெயிலில் நாள் முழுவதும் நின்றேன். எல்லாருக்கும் ஒரே வகை ஒற்றை இருக்கை வண்டி. ஆகவே வண்டியைக் காரணம் சொல்ல எவருக்கும் வழியில்லை. முன்னால் போனவரைப் பின்தொடர்ந்த இளைஞர் ஒரே திருப்பத்தில், சுற்றுக்குச் சுற்று, உட்பக்கம் மூக்கை நீட்டிக் காட்டினார், ஆனால் முந்தவில்லை. முன்னவர் ஒவ்வொரு முறையும் உட்பக்கத்தை அடைத்தார். அடைக்க அடைக்க அவர் திருப்பத்துக்குள் நுழையும் கோணம் குறுகியது, வெளியேறும் வேகம் குறைந்தது. என் பக்கத்தில் நின்றவர்கள் அந்த இளைஞருக்குத் துணிவு போதாது என்றார்கள். கடைசிச் சுற்றில் முன்னவர் வழக்கம்போல் உட்பக்கம் ஒதுங்கியதும் இவர் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து, திருப்பத்தின் முடிவில் அரை வண்டி முன்னால் நின்றார். அத்தனை சுற்றுகளும் அந்த ஒரு நகர்வுக்கான தயாரிப்பாக இருந்தன.

அதே திருப்பம் மீண்டும் மீண்டும் வந்ததால்தான் அந்த அறிவு என் கண்ணுக்குத் தெரிந்தது. ரேலியில் ஒரு வளைவில் ஒரு வண்டியைச் சில நொடிகள் பார்க்கிறோம்; அது வேகமா, தாமதமா என்பதைக்கூடப் பிறகு நேரப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். மேலும், ரேலியில் எல்லாமே ஓட்டுநருக்குப் புதிது என்பதுபோல் அண்ணன் எழுதுவது முழு உண்மையல்ல. போட்டிக்கு முன்பு மெதுவாக ஓட்டிப் பார்க்க அனுமதிக்கிறார்கள். அந்த நோட்டு அப்போது எழுதப்படுவதுதானே?

மார்த்தாண்டத்தான்

இருவரும் அழகைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் கண்டதை எழுதுகிறேன். ஒரு மலைத் தோட்டத்தில் ஸ்டேஜ் தொடங்கிவிட்டிருந்தது. வண்டி புறப்பட்ட செய்தி மார்ஷலின் கையிலிருந்த வயர்லெஸ்ஸில் வந்தது. அந்த நேரத்தில், செடிகளுக்கு இடையிலிருந்த ஒற்றையடிப் பாதை வழியாக, பின்னால் ஒரு சாக்கு மூட்டையைக் கட்டிய இருசக்கர வாகனத்தில் ஒருவர் நேரே ஸ்டேஜுக்குள் இறங்கினார். தினமும் வேலைக்குப் போகும் வழி அவருக்கு. மார்ஷல் ஓடிப் போய் வாகனத்தோடு அவரை வரப்பின் மேல் தள்ளி ஏற்றினார். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கார் கடந்தது. அந்த மனிதரின் முகத்தில் அச்சத்தைவிடக் குழப்பம்தான் மிகுதியாக இருந்தது.

2019இல் ராஜஸ்தானின் பார்மரில் தேசிய ரேலி ஒன்றில், தடத்துக்குள் வந்துவிட்ட இருசக்கர வாகனத்தில் இருந்த மூவர் இறந்தார்கள். 1986இல் போர்ச்சுகலில் ஒரு வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து மூவர் இறந்தார்கள். அதே ஆண்டு பிரான்ஸின் கோர்சிகா தீவு ரேலியில் ஓட்டுநர் ஹென்ரி டொய்வோனனும் அவருடைய நேவிகேட்டர் செர்ஜியோ கிரெஸ்டோவும் வண்டியோடு எரிந்து போன பிறகே, குரூப் பி என்னும் மிக வலிமையான ரேலி வண்டிகளை விலக்கினார்கள். சர்க்யூட்டும் தூயதல்ல. 1955இல் பிரான்ஸின் லெ மான்ஸ் பந்தயத்தில் பார்வையாளர்கள் 80 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனால் சர்க்யூட்டில் வேலியைப் பின்னுக்குத் தள்ளலாம், பிடி தவறிய வண்டியை நிறுத்தும் சரளைப் படுகையை அகலமாக்கலாம். ஊர் மக்கள் நடக்கும் பாதையில் அதைச் செய்ய இயலாது.

ஆகவே, ரேலி பார்க்கப் போகிறவர்கள் சிலவற்றை மனத்தில் வைக்க வேண்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கவே கூடாது. பிடி தவறும் வண்டி அங்கேதான் வரும். நேர்ப்பாதை முடியும் இடமும் அப்படியே. பாதையைவிட உயரமான மேட்டில், பின்வாங்க இடம் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சுவரோ மரமோ இருந்தால் தப்பிக்க வழியில்லை. முன்னோடி வண்டி போன பிறகு பாதையைக் குறுக்கே கடக்கக் கூடாது. கடைசியில் வரும் முடிப்பு வண்டி போகும்வரை கீழே இறங்கவும் கூடாது, ஏனெனில் நடுவில் பழுதாகி நின்ற வண்டி மீண்டும் கிளம்பி வரலாம். வண்டி கவிழ்ந்தால் உடனே ஓடிப் போய்த் தூக்க நம் மக்களுக்குக் கை துறுதுறுக்கும். அடுத்த வண்டி ஒன்றிரண்டு நிமிடத்தில் அதே இடத்துக்கு வரும் என்பதை மறக்கக் கூடாது. வண்டிக்குள் இருப்பவர்கள் நலமா, உதவி தேவையா என்பதைப் பலகை காட்டித் தெரிவிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பதையும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குலசேகரத்து அண்ணன் எந்தப் பக்கத்து மேட்டில் நின்றார் என்று அறிய விரும்புகிறேன்.

குளச்சல்காரன்

2011இல் நொய்டா பக்கத்துப் புத் சர்க்யூட்டில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பார்த்தேன். வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். எனக்கு நினைவில் நிற்பது அவரல்ல. ஹிஸ்பானியா அணியின் வண்டியில் கோவையின் நரேன் கார்த்திகேயன் வந்தபோது, அவர் பின்வரிசையில் போகிறார் என்று தெரிந்தும், எங்கள் பார்வையாளர் மேடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். இன்ஜின்கள் நிமிடத்துக்கு 18,000 சுற்றுகள் சுற்றிய காலம் அது. எங்கள் கூச்சல் எங்கள் காதுக்கே கேட்கவில்லை. வேகமான வண்டிகளுக்கு வழிவிடும்படி அவருக்கு நீலக் கொடி காட்டினார்கள். அவர் ஒழுங்காக ஒதுங்கி வழிவிட்டார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் மெதுவான வண்டியை அப்படி ஒழுங்காகக் கடைசிவரை ஓட்டுவதும் பெரிய திறமையே என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அவருடைய தந்தை ரேலி ஓட்டுநர். ஒரே வீட்டில் இரண்டும் வளர்ந்திருக்கும்போது நாம் ஏன் இப்படிப் பிரிந்து நின்று வாதிடுகிறோம் என்பது எனக்குப் புரியவில்லை.

கீரிப்பாறை மகள்

நான் ரேலியைக் கண்டது ஸ்டேஜில் அல்ல. கோட்டயத்துக்கு வடக்கே ஒரு கடைத்தெருவில். நாங்கள் வந்த பேருந்துக்குப் பின்னால் உடம்பெல்லாம் சேறும் விளம்பரமும் பூசிய ஒரு கார், சிவப்பு விளக்குக்காக, எல்லாரையும் போல நின்றது. உள்ளே இருவரும் தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தார்கள். நேவிகேட்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்; ஓட்டுநர் ஒரு பாட்டி சாலையைக் கடக்கும்வரை பொறுத்து, பிறகு மெல்லக் கிளம்பினார். இரண்டு ஸ்டேஜுகளுக்கு நடுவிலுள்ள பொதுச் சாலையில் போக்குவரத்து விதியை மீறாமல் ஓட்ட வேண்டும். உலகப் போட்டிகளில், வந்த நேரத்தைப் பதியும் நேரச் சாவடிக்கு ஒரு நிமிடம் பிந்தினால் 10 நொடி தண்டம். ஒரு நிமிடம் முந்தினால் முழு ஒரு நிமிடம் தண்டம். காட்டுக்குள் பறந்து வந்த கையும் காலும் கடைத்தெருவில் அப்படி அடங்குவதை எந்தச் சர்க்யூட்டிலும் காண முடியாது.

மார்த்தாண்டத்து அண்ணன் எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். நம் குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் ரேலி நடத்தலாமே என்று இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்புகிறார்கள். பால் எடுத்து முடித்துத் திரும்பும்வரை அந்தப் பாதைகள் அவர்களுடையவை. சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. மேலே ஏறினால் வனவிலங்கு சரணாலயம். இந்தப் பாதைகளை மூடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

குலசேகரத்தான்

மார்த்தாண்டத்துத் தம்பிக்கு: உட்பக்கத்து மேட்டில், மார்ஷல் காட்டிய இடத்தில்தான் நின்றேன். கீரிப்பாறைத் தங்கை சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ரேலியைப் பார்க்க வெளியூர் போவதில் எனக்குக் குறையில்லை.

வடசேரித் தம்பி நோட்டைப் பற்றிக் கேட்டார். ஆம், ஓட்டுநர் முன்கூட்டியே மெதுவாக ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் தம் வாயால் சொல்ல, நேவிகேட்டர் எழுதிக்கொள்கிறார். போட்டியன்று ஓட்டுநர் கேட்பது தாம் சொன்ன சொற்களையே. ஆனால் அவை காய்ந்த பாதையில், நிதான வேகத்தில் சொன்னவை. இரவு மழை பெய்துவிட்டால், அந்தச் சொற்களில் எவை இன்னும் மெய், எவை மாறிவிட்டன என்பதை ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஒரே ஒரு முறை முடிவு செய்ய வேண்டும். செட்டிபாளையத்து இளைஞருக்கு அடுத்த சுற்று இருந்தது. கடைசிச் சுற்று வரும்வரை அவர் காத்திருக்க முடிந்ததே, தம்பி. அந்த வாய்ப்பு இவருக்கு எங்கே இருக்கிறது?