ஹாஸ்டல் அறையில் அலாரம்: யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, நான்கு பேர் தங்கும் ஹாஸ்டல் அறைகளுக்கு இரவு ஒழுங்கு ஒன்று எழுதுகிறோம். 11 மணிக்கு டியூப்லைட் அணையும். அதன்பின் படிப்பவர் 3 வாட் எல்.ஈ.டி. மேசை விளக்கு போடலாம். மஞ்சள் ஒளிதான் நல்லது. விளக்கின் கழுத்தைத் தாழ்த்திச் சுவர்ப் பக்கம் திருப்பினால் எதிர்க்கட்டிலில் கண் கூசாது. போன் பேச்சு வராந்தாவில். விடியலில் கிளம்புகிறவர் முந்தின இரவே பையைக் கட்டிவிட வேண்டும், பிளாஸ்டிக் கவரின் சரசரப்பே போதும் தூக்கத்தைக் கெடுக்க.

தீராத சிக்கல் அலாரம். ஐபோனில் ஸ்னூஸ் அழுத்தினால் வழக்கமாக 9 நிமிடத்தில் மறுபடி அடிக்கும். ஒருவர் மூன்று முறை அழுத்தினால் மற்ற மூவருக்கும் 27 நிமிடத் தூக்கம் போகிறது. அதிர்வில் போட்டுத் தலையணைக்கடியில் வைக்கலாம் என்றால், சார்ஜில் இருக்கும் போன் சூடேறும்.

ஆழ்ந்து தூங்குபவரை மட்டும் எழுப்பக் கையில் கட்டும் அதிர்வுப் பட்டை உதவுமா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.