மறு: வலை ஊட்டமா, ஓடையா, சந்தாவா?

அனைவருக்கும் வணக்கம். ஒரு தளத்தில் புதிதாக வரும் பதிவுகளை நம் செயலியில் பார்க்க உதவும் ‘web feed’க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘ஊட்டம்’ ஏற்கெனவே சில மென்பொருள்களில் இருக்கிறதே. அதையே வைத்துக்கொள்ளலாமே?

இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரு செயலியைத் தமிழாக்கும்போது நானும் ‘ஊட்டத்தைச் சேர்’ என்று பொத்தானுக்கு எழுதினேன். திரையில் பார்த்தால் டானிக் விளம்பரம் மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், ஊட்டுவது என்றால் ஊட்ட ஒருவர், வாயைத் திறக்க ஒருவர் என்று ஆகிவிடும். இங்கே யாரும் யாருக்கும் ஊட்டுவதில்லை.

தளத்தில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு (செயலிகள் படிக்கும்படி குறியிட்ட உரைக்கோப்பு) சும்மா கிடக்கிறது. திறந்து பாருங்கள்: பதிவுக்குப் பதிவு ஒரு தலைப்பு, ஒரு சுட்டி, ஒரு தேதி, பெரும்பாலும் அந்தப் பதிவுக்கு மட்டுமே உரிய ஓர் அடையாளமும். நம் செயலி அவ்வப்போது அங்கே போய், “புதுசா ஏதாவது உண்டா?” என்று கேட்கும். இல்லையென்றால் வழங்கி (தளத்தை வைத்திருக்கும் கணினி) 304 என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். ‘மாற்றமில்லை’ என்பதற்கான எண் அது. மாறியிருந்தால் கோப்பு மொத்தமாக வரும். ஏற்கெனவே பார்த்த அடையாளங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் செயலி நமக்குக் காட்டும்.

> ‘ஓடை’ என்றால் தானாகப் பாய்ந்து வருவது போல இருக்கிறதே?

ஓடை எங்கே வீட்டுக்குள் வருகிறது? குடத்தை எடுத்துக்கொண்டு நாம்தானே போக வேண்டும்! ‘செய்தியோடை’ பலருக்கும் பழகிய சொல்தான். ஆனால் பாட்காஸ்ட்டும் இதே வழியில்தான் வருகிறது. பதிவோடு ஒலிக்கோப்பின் முகவரியும் சேர்ந்திருக்கும், அவ்வளவே. அதையெல்லாம் செய்தி என்பதா? முழுப்பெயர் ‘வலையோடை’, பொத்தானில் வெறும் ‘ஓடை’. இதுதான் என் முன்மொழிவு.

இந்தக் கோப்பு எழுதப்படும் வடிவங்களில் ஒன்றின் பெயரான ஆர்எஸ்எஸ் என்றே எழுதலாம் என்பவர்களுக்கு: தமிழில் அதைப் படிப்பவர் மனதில் முதலில் வேறோர் அமைப்புதான் வரும். அந்த மூன்றெழுத்தின் விரிவுகூட நிலையாக இருந்ததில்லை. 1999இல் ஒன்று, சில மாதங்களில் இன்னொன்று, 2002இல் மூன்றாவது. போதாக்குறைக்கு ஆட்டம் (Atom) என்ற தனி வடிவம் 2005இல் தரமாகவே வந்துவிட்டது. வடிவத்தின் பெயரைப் பொருளுக்கு வைக்க வேண்டாம்.

அடுத்தது, ‘subscribe’ என்பதற்குச் சொல்லும் ‘சந்தா’. நண்பர் ஒருவரிடம் “சந்தா செய்துகொள்ளுங்கள்” என்றேன். “எவ்வளவு?” என்றார். தப்பு அவருடையதல்ல. காசும் இல்லை, மின்னஞ்சல் முகவரியும் தர வேண்டாம்; ஓடையின் முகவரியை நம் செயலியின் பட்டியலில் போடுகிறோம். வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறோம், யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. ஆகவே ‘ஓடையைச் சேர்’, ‘ஓடையை நீக்கு’ போதும். ‘குழுசேர்’ வேண்டவே வேண்டாம், இங்கே குழுவே கிடையாது.

செயலி போய் எடுத்து வரும் வேலைக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. முகத்தல் அளவையில் வருகிற ‘முகத்தல்’ பொருந்துமென்று தோன்றியது. ‘கடைசியாக முகந்தது: 10 நிமிடம் முன்பு’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘முக’ என்று பொத்தானில் போட்டால் முகம் பாதியில் அறுந்தது போல நிற்கிறது. ‘மொள்’ இன்னும் மோசம். வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?