புதுப்பிப்பு: திருத்தி எழுதிய பேய்க்கதைக்குக் கருத்து சொல்லும்போது

பழைய வடிவத்தையும் புதியதையும் சேர்த்து வைத்துப் படிக்கச் சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன். முதலில் புதியதை மட்டும் படியுங்கள். பழையது மனதில் நின்றால், விடுபட்டதை நாமே நிரப்பிக்கொள்வோம். ஓட்டை கண்ணில் படாது.

பழையனூர் நீலி, முற்பிறவியில் தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்க அவன் மனைவி வேடத்தில் வரும் பேய். அவள் கதையைத் திருத்துபவர்கள் பெரும்பாலும் நீலியின் கோரத்தைத்தான் கூட்டுகிறார்கள். பயம் அங்கே இல்லை. வெறுங்கட்டை ஒன்று அவள் இடுப்பில் குழந்தையாகி வணிகனை 'அப்பா' என்கிறது. வேளாளர் 70 பேரும் அதை நம்பி, அவன் உயிருக்குப் பிணை நின்று, பேயிடமிருந்து அவனைக் காத்துவந்த வாளை வாங்கி வைத்துவிடுகிறார்கள். வாள் கைமாறும் அந்த வரிதான் கதையின் உயிர்! அதற்கு முன்பே கதைசொல்லி அவளைப் 'பேய்' என்று அழைத்துவிட்டால், ஊரார் வெறும் ஏமாளிகளாகத் தெரிவார்கள். வாசகர் அவர்களோடு சேர்ந்து ஏமாற மாட்டார்.

'பயமே வரவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். பதற்றம் அறுந்த வரியை அப்படியே எடுத்துக் காட்டுங்கள்.