பல்லவன், அம்பேத்கர், எம்டிசி: மெட்ராஸ் டவுன் பஸ் கம்பெனி எத்தனை தடவ பேர் மாத்துச்சு?

கொளத்தூர்வாசி:
மக்களே ஒரு சின்ன பஞ்சாயத்து, தீர்ப்பு சொல்லுங்க. எங்க மாமனாருக்கு இன்னிக்கும் எம்டிசி (மாநகர் போக்குவரத்துக் கழகம்) பஸ்னா அது "பிடிசி"தான் (பல்லவன் டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன்), "பிடிசில ஏறி வந்துட்டேன் மாப்ள"ன்னுதான் சொல்வார். இத ஆபீஸ்ல சும்மா பேச்சுவாக்குல சொன்னா, கூட வேலை பாக்குற பையன் பிடிசி வேற கம்பெனி, டிஏடிசின்னு ஒரு பிரைவேட் கம்பெனியும் சைடுல ஓட்டிட்டு இருந்துச்சு, ரெண்டையும் கவர்மெண்ட் வாங்கி ஒண்ணாக்கினதுதான் எம்டிசின்னு அடிச்சு சொல்றான். மாமனார் கிட்ட கேட்டா "எல்லாம் ஒரே கம்பெனிதான், போர்டு மட்டும் மாறும்"ங்கறார். நெட்ல தேடினா ஒரு எடத்துல ஆரம்பிச்ச வருஷம் 1947ன்னு இருக்கு, இன்னொரு எடத்துல 1972, வேற ஒண்ணுல 2001. எதுதான்யா பொறந்த வருஷம்? பந்தயம் ஒரு பிரியாணி, அதனால ஆதாரத்தோட பேசுறவங்க மட்டும் வாங்க.

அயனாவரம்டீக்கடை:
டிஏடிசி பிரைவேட்லாம் கெடையாது ப்ரோ. டாக்டர் அம்பேத்கர் டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன், பக்கா கவர்மெண்ட்டு. 1994ல பிடிசிய ரெண்டா பிரிச்சு வடக்கு பக்கம் இதுக்கு குடுத்தாங்க, தெற்கு பக்கம் பிடிசிக்கே. எங்க ஏரியால ஓடினதெல்லாம் டிஏடிசி தான். பிரியாணி மாமனாருக்கு, லெக் பீஸ் மட்டும் எனக்கு அனுப்புங்க.

பஸ்பைத்தியம்:
மூணு வருஷமும் கரெக்ட்தான் பாஸ், எத பொறப்புன்னு எடுத்துக்கறீங்கங்கறதுல தான் சண்டையே.

கொஞ்சம் முன்னாடி போயிடலாம். மெட்ராஸ்ல முதல்ல ஊர சுத்தினது டிராம். 1895 மே மாசம் எலக்ட்ரிக் டிராம் விட்டாங்க, இந்தியாவுலயே முதல் எலக்ட்ரிக் டிராம் அதுதான், இத கல்கத்தாக்காரங்க கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, அது வேற கதை. அது ஒரு பிரைவேட் கம்பெனி. பஸ்ஸும் அப்போ பிரைவேட் ஆளுங்க கையிலதான், ஆளாளுக்கு பர்மிட் வாங்கி ஓட்டிட்டு இருந்தாங்க. 1947ல மெட்ராஸ் ராஜதானி கவர்மெண்ட், ஓமந்தூரார் பிரீமியரா இருந்த நேரம், நாமளே ஓட்டிப் பாப்போம்னு 30 பஸ்ஸோட எறங்குச்சு. 30 தான், இப்ப சாதாரண டிப்போ ஒண்ணுலயே அதுக்கு மேல நிக்கும். அடுத்த வருஷமே சிட்டிக்குள்ள ஓடின பிரைவேட் சர்வீஸ் மொத்தத்தையும் கவர்மெண்ட் எடுத்துக்கிச்சு. டிராம் கம்பெனி மட்டும் தனியா முக்கி முனகி ஓட்டிப் பாத்து, நஷ்டம் தாங்காம 1953 ஏப்ரல்ல ஷட்டர எறக்கிடுச்சு, அதுல போயிட்டு இருந்த கூட்டமும் பஸ் தலையில தான் விழுந்துச்சு.

இங்க ஒண்ணு கவனிக்கணும். 1947லேர்ந்து 1971 வரைக்கும் இது கம்பெனியே இல்ல, கவர்மெண்ட்டோட ஒரு டிபார்ட்மெண்ட், பிடபிள்யூடி மாதிரி. கண்டக்டர் டிரைவர் எல்லாம் அரசு ஊழியர். 1972 ஜனவரி 1ந்தேதி தான் அத கம்பெனியா மாத்தி பல்லவன் போக்குவரத்துக் கழகம்னு பேர் வச்சாங்க, அன்னிக்கு கையில இருந்தது 1029 பஸ். ஆக வண்டி ஓட ஆரம்பிச்சது 47, கம்பெனின்னு பாத்தா 72, இப்ப இருக்கற பேர்ல ஒரே கம்பெனியா ஆனது 2001.

உங்க ஆபீஸ் பையன் எங்க குழம்பிட்டான்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு. அவன் மதுரை, கோயம்புத்தூர் கதைய மெட்ராஸ்ல கொண்டாந்து ஒட்டிட்டான். 1971ல ஒரு சட்டம் வந்துச்சு, அம்பது பர்மிட்டும் அதுக்கு மேலயும் வச்சிருந்த பெரிய பஸ் ஓனருங்க கிட்டேர்ந்து வண்டிய கவர்மெண்ட் எடுத்துக்கலாம்னு. மதுரைல டிவிஎஸ் ஓட்டினத எடுத்து பாண்டியன், பொள்ளாச்சி ஏபிடி ஓட்டினத எடுத்து சேரன், கும்பகோணம் பக்கம் சோழன். அங்கெல்லாம் நெஜமாவே பிரைவேட்ட வாங்கி கழகம் ஆக்கினாங்க. மெட்ராஸ்ல அந்த வேலை இருபது வருஷம் முன்னாடியே முடிஞ்சிருச்சு, 72ல நடந்தது கவர்மெண்ட் டிபார்ட்மெண்ட்டு கவர்மெண்ட் கம்பெனியா மாறினது மட்டும்தான். பேர் வச்ச அழக பாருங்க, சேர சோழ பாண்டியனுக்கு அவங்கவங்க சீமை, மெட்ராஸ் தொண்டை மண்டலம்ங்கறதால பல்லவன்.

இன்னொண்ணு, வெளியூர் எக்ஸ்பிரஸ் பஸ்ஸும் கொஞ்ச காலம் பல்லவன் தான் ஓட்டுச்சு. 1975ல எக்ஸ்பிரஸ் விங்னு தனியா வச்சு, 1980ல அத கழட்டி திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம்னு ஆக்கினாங்க. அதுதான் இன்னிக்கு எஸ்இடிசி, அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம்.

கொளத்தூர்வாசி:
யப்பா செம. அப்ப அம்பேத்கர் பேர் ஏன் போச்சு? பிரிச்சது 94, சேத்தது 2001, நடுவுல பல்லவனும் இல்ல அம்பேத்கரும் இல்லன்னு ஏதோ ஒரு காலம் வருதே, எம்டிசி டிவிஷன் 1, டிவிஷன் 2ன்னு. அது என்ன?

சாத்தூர்சேவு:
அதுக்கு காரணம் மெட்ராஸ்ல இல்லண்ணே, எங்க ஊர் பக்கம். இத வேடிக்கையா பேச முடியாது, அதனால நேரடியாவே சொல்லிர்றேன்.

1997ல விருதுநகர தலைமையிடமா வச்சு புதுசா ஒரு போக்குவரத்துக் கழகம் ஆரம்பிச்சாங்க, கட்டபொம்மனோட படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கம் பேர்ல. அவர் தேவேந்திர குலத்தவர். அந்தப் பேர் போட்ட பஸ்ல நாங்க ஏற மாட்டோம்னு மத்த சாதிக்காரங்க கொஞ்ச பேர் கெளம்பினாங்க. அதுல ஆரம்பிச்சது கலவரமாகி, ஊர் ஊரா பரவி, உசுரே போச்சு. பஸ்ஸ மறிக்கறது, கல்லெறியறது, ராத்திரி சர்வீஸ நிறுத்துறது எல்லாம் நடந்துச்சு. கடைசில கலைஞர் கவர்மெண்ட் என்ன பண்ணுச்சுன்னா, அந்த ஒரு பேர மட்டும் எடுத்தா ஒரு பக்கம் தோத்த மாதிரி ஆயிரும்னு, தமிழ்நாடு பூரா எல்லா கழகத்துலயும் எல்லா மாவட்டத்துலயும் இருந்த தலைவர் பேரையெல்லாம் மொத்தமா தூக்கிருச்சு. கட்டபொம்மன், மருது பாண்டியர், தீரன் சின்னமலை, பெரியார், அண்ணா, எம்ஜிஆர், ஜீவா, நேசமணி, வஉசி எல்லாம் ஒரே வீச்சுல காலி. எங்க மாவட்டமே காமராசர் மாவட்டமா இருந்தது விருதுநகர் மாவட்டம் ஆச்சு. வெளியூர் பஸ் எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், மெட்ராஸ்ல ரெண்டும் மாநகர் போக்குவரத்துக் கழகம் டிவிஷன் ஒண்ணு, டிவிஷன் ரெண்டு. அம்பேத்கர் பேரும் அப்படித்தான் போச்சு, அவருக்கும் அந்த சண்டைக்கும் சம்பந்தமே இல்ல.

எனக்கு என்ன ஆத்திரம்னா, பஸ்ல ஏற மாட்டேன்னு சொன்னவங்க கேட்டது நடந்துருச்சு, அதத்தான் நாம "பொதுவா எல்லா பேரையும் எடுத்தாச்சு"ன்னு சொல்லிட்டு இருக்கோம்.

அயனாவரம்டீக்கடை:
சேவு அண்ணே, இது எனக்கு தெரியாது. செலவ மிச்சம் பண்ணத்தான் பேர சுருக்கிட்டாங்கன்னு இத்தன நாளா நெனச்சிட்டு இருந்தேன்.

டிப்போவீட்டுப்பையன்:
எங்கப்பா கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் சர்வீஸ்ல மூணு பேர் பாத்தவர். "சட்டைல இருக்கற பேட்ஜ் அதேதான், பையும் அதேதான், வே பில்லு (டிக்கெட் கணக்கு எழுதுற தாள்) மேல அச்சடிச்ச பேர் தான் மாறும்"பார், அதனால கொளத்தூர் அண்ணன் மாமனாருக்கே என் ஓட்டு. பஸ்பைத்தியம் சார் சொன்ன 72 மேட்டர்ல ஒண்ணு சேத்துக்கறேன், டிபார்ட்மெண்ட் போயி கார்ப்பரேஷன் ஆனதுல தொழிலாளிக்கு அரசு ஊழியர்ங்கற அந்தஸ்து போச்சு. இன்னிக்கு வரைக்கும் பொங்கலுக்கு முன்னாடி ஸ்ட்ரைக்னு நியூஸ் வந்தா அதுல பென்ஷன், டிஏ பாக்கின்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதோட வேரு அங்க போகுது.

வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு மெட்ராஸ் பஸ்ல முதல் ஆச்சரியம் கண்டக்டர் எழுந்தே வர மாட்டார்ங்கறது தான். பின்வாசல் பக்கத்துல அவர் சீட்டு, அங்கேர்ந்து நகர மாட்டார், நாமதான் காச கைமாத்தி அனுப்பணும். "சார் ஒரு சைதாப்பேட்டை பாஸ் பண்ணுங்க"ன்னு அம்பது ரூபா நோட்டு ஒண்ணு முன்வாசல்லேர்ந்து கெளம்பி பத்து பேர் கை மாறி போயி, டிக்கெட்டும் மீதி சில்லறையும் அதே பத்து கை மாறி திரும்பி வரும், ஒரு ரூபா கொறையாது. விரலிடுக்குல நோட்ட நீளவாக்குல மடிச்சு சொருகி வச்சிருப்பார் அப்பா, டிக்கெட் கட்டுல எச்சில் தொட்டு கிழிப்பார், ஸ்டேஜ் வந்தா கூட்டத்துக்கு நடுவுலயே வே பில்லுல நம்பர் ஏத்துவார், அது ஏறலன்னா செக்கிங் வந்ததும் மெமோ. மதுரைல கோயம்புத்தூர்ல கண்டக்டர் கூட்டத்துக்குள்ள புகுந்து புகுந்து வர்றத பாத்தா எங்கப்பாவுக்கு பாவமா இருக்கும்.

அப்புறம் 18ஏ டபுள் டெக்கர். எழுபதுகள்ல ஓடி நின்னுபோச்சு, 97ல திரும்ப விட்டாங்க, தாம்பரம் வரைக்கும் மவுண்ட் ரோடுல அது ஆடி ஆடி போறத பாக்கவே ஒரு கூட்டம். மாடில முன்சீட்டு கெடச்சா மரக்கிளை கண்ணாடில சரக் சரக்னு ஒரசிட்டே வரும். அதுக்கு மட்டும் ரெண்டு கண்டக்டர் வேணும், மேல ஒருத்தர் கீழ ஒருத்தர். பாலமும் வயரும் பெருகினப்புறம் அத வச்சுக்க முடியாம 2008 வாக்குல நிறுத்திட்டாங்க. பேர மாத்தினது போதாதுன்னு 2013ல ஸ்மால் பஸ் விட்டப்ப அதுல எல போட்டு, அது எலையா ரெட்டை எலையான்னு ஒரு ரகளை நடந்துச்சு ஞாபகம் இருக்கா? இந்த ஊர்ல பஸ் பாடில இருக்கற ஒரு இஞ்ச் எடமும் அரசியல் தான்.

மாம்பலம்மாமி:
பல்லவன் முழுசா எங்கயும் போகலயே. ஹெட் ஆபீஸ் இருக்கறது பல்லவன் சாலைல, கட்டடத்துக்கு பல்லவன் இல்லம்னு தான் பேரு. பல்லவன் டிரான்ஸ்போர்ட் கன்சல்டன்சின்னு 1984ல ஆரம்பிச்ச கவர்மெண்ட் கம்பெனி ஒண்ணும் அந்தப் பேர்லயே தான் இருக்கு. ராஜாவுக்கு சாதி சண்டை கெடையாதோ என்னமோ, ரோட்டுல விட்டு வச்சிட்டா.

கொளத்தூர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஆபீஸ் பையனுக்கு லிங்க் அனுப்பிட்டேன், படிச்சிட்டு உடனே கட்சி மாறிட்டான், "சரி அப்போ பிரைவேட் இல்ல, ஆனா இப்ப பிரைவேட் ஆக்கிட்டாங்களே, புது எலக்ட்ரிக் பஸ்ல டிரைவர் எம்டிசி ஆளே இல்லயாம்"ங்கறான். இது உண்மையா?

பஸ்பைத்தியம்:
பாதி உண்மை. 2025 ஜூன் 30ந்தேதி வியாசர்பாடி டிப்போலேர்ந்து 120 தாழ்தள எலக்ட்ரிக் பஸ் விட்டாங்கல்ல, அது எம்டிசி வாங்கின வண்டி இல்ல. மொத்தம் 625 பஸ்ஸுக்கு ஒப்பந்தம் போட்டு, உலக வங்கி திட்டத்துல வர்றது. பஸ்ஸு, சார்ஜிங், மெயின்டனன்ஸ், டிரைவர் எல்லாம் கம்பெனிக்காரன். கண்டக்டர் எம்டிசி ஆளு, ரூட்டு, நேரம், டிக்கெட் வெல எல்லாம் எம்டிசி கையில, வசூலும் எம்டிசிக்குத்தான். கம்பெனிக்கு ஓட்டின கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு காசு. அதனால கூட்டமே இல்லாம ஓடினாலும் அவனுக்கு நஷ்டம் இல்ல, எம்டிசிக்கு தான் அடி. இந்த முறை டெல்லி பெங்களூர்ல ஏற்கெனவே இருக்கு.

நல்லதா கெட்டதான்னா, எனக்கு ரெண்டு பக்கமும் தோணுது. 2021 மே மாசத்துலேர்ந்து சாதா கட்டண பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அந்தக் காச கவர்மெண்ட் ஈடுகட்டணும், இந்த நெலமைல கோடிக்கணக்குல போட்டு புது வண்டி வாங்க எம்டிசிக்கு எங்க தெம்பு? பழைய வண்டியோட நெலமைய நாம தெனம் பாக்குறோம். ஆனா 1948ல பிரைவேட் கையிலேர்ந்து புடுங்கினதே ஒரே கை, ஒரே பொறுப்புன்னு இருக்கட்டும்னு தான். இப்ப ஒரே வண்டில முன்னாடி ஒரு முதலாளியோட ஆளு, பின்னாடி வேற முதலாளியோட ஆளு.

டிப்போவீட்டுப்பையன்:
எங்கப்பா கேட்ட ஒரே கேள்வி, ஸ்டாப்புல நிக்காம போனா டிரைவருக்கு மெமோ குடுக்கப் போறது யாரு?

பஸ்பைத்தியம்:
ஒப்பந்தப்படி கம்பெனிக்கு ஃபைன் போட எம்டிசிக்கு வழி இருக்கு சார். டிரைவருக்கு மெமோ கம்பெனிதான் குடுக்கணும். ஸ்டாப்புல நின்னு கை காட்டினவன் திட்டப் போறது கண்டக்டரத்தான்.